கிருமிகளுக்குக் காட்டிய கற்பூரம்

கிருமிகளுக்குக் கற்பூரம் காட்டிய ஆள் இந்த மலாக்கா மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. ஐம்பத்து நான்கு வயதில், வேலை நேரத்தில், ஆராய்ச்சிக்கூடத்து அலமாரியைத் திறந்து வைத்து, உள்ளே மெதுவாக ஆடிக்கொண்டிருந்த ஆறு கண்ணாடிக் குடுவைகளுக்கு ஆரத்தி சுற்றினேன். மணி எடுத்துப்போக மறந்துவிட்டதால் வாயாலேயே "டிங் டிங்" என்று அடித்துக்கொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தடுத்திருப்பார்கள். ஒரு பெண்ணின் ஒன்றரை வருட உழைப்பு அந்தப் பாடு பட்டிருக்காது.

நான் வேலை செய்யும் இடம் செங் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலைக்கும் பிஸ்கட் கிடங்குக்கும் நடுவே உள்ள மாடிக் கட்டடம். பாதி நாள் எங்கள் மாடியில் பிஸ்கட் வாசனைதான் அடிக்கும். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பத்து பெரண்டாமில் சிப் செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நான்கு நாள் பகல் ஷிப்ட், இரண்டு நாள் லீவு, நான்கு நாள் இரவு ஷிப்ட். என் லைனை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். என்னை மாற்றவில்லை.

இங்கே குடுவை கழுவத்தான் எடுத்தார்கள். மைக்ரோஸ்கோப் பழக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் டாக்டர் என்னை எண்ணுகிற வேலையில் போட்டுவிட்டார். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் அல்ல. படித்து வாங்கிய பட்டம். புலாவ் செபாங்கில் லாரி ஓட்டுகிறவரின் மகள். வயது முப்பத்து மூன்று. நான் டாக்டரம்மா என்பேன், அவர் என்னை அங்கிள் என்பார்.

அவர் வளர்த்தது ஒரு நீலப்பச்சைக் கிருமி. குளத்தில் பச்சையாகப் படியுமே, அந்த வம்சம். ஒரே ஒரு செல்தான் அதன் மொத்த உடம்பு. வெயிலைத் தின்று வளரும், நடுவில் இறுகி இரண்டாகப் பிரியும். குடும்பம் பெருகும் விதம் அவ்வளவுதான். முதல் வாரத்தில் டாக்டர் எனக்கு விளக்கிய விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"இதுங்களுக்குக் கண்ணு கிடையாது அங்கிள், மூளை கிடையாது. ஆனா மணி தெரியும்."

"எப்படிம்மா? கையில கட்டியிருக்கா?"

"உள்ளுக்குள்ள மூணு புரோட்டின் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், பிரியும், திரும்ப ஒட்டும். அப்படி ஒரு சுத்து வர்றதுக்கு ஒரு நாள் ஆகும். அதான் கடிகாரம்."

"சரி, அது மணி பார்த்து எங்க போகப்போவுது?"

"அங்கதான் விஷயமே. அந்தக் கடிகாரம், செல் பிரியறதுக்கு ஒரு கேட் போட்டு வெச்சிருக்கு. பகல்ல கேட் திறந்திருக்கும். பொழுது சாஞ்சு ராத்திரி முதல் பாதியில மூடிடும். அந்த நேரத்துல பிரியாது."

"இருட்டுல சாப்பாடு இல்ல, அதான் பிரியல. இதுக்கு எதுக்குமா படிப்பு?"

அவர் சிரித்தார். "இதே கேள்விய என் புரபஸரும் கேட்டாரு. அதுக்குத்தான் நாலு நாள் இருட்டு வெளிச்சம் காட்டிப் பழக்கிட்டு, அப்புறம் லைட்டை அணைக்காமலே விட்டுடுவேன். சாப்பாடு இருக்கு, வெளிச்சம் இருக்கு, செல்லு பெருசாகிட்டேதான் இருக்கும். ஆனா அதோட கணக்குல ராத்திரி வந்துச்சுன்னா பிரியாது. கேட்ல ஜாகா உக்காந்து காவல் காக்கிறான்."

"அம்மாக்காரி ரெண்டா பிரிஞ்சா கடிகாரம் யாருக்குப் போகும்?"

"ரெண்டு பேருக்கும். அதே மணியில இருந்துதான் ரெண்டும் ஆரம்பிக்கும்."

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி நான்கு பேரும் ஒரே நேரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியதில்லை என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார். நான் சொன்னால் சிரிப்பார்கள். தொழிற்சாலையிலும் என்னை அதற்குத்தான் வைத்திருந்தார்கள் என்று ஒரு சந்தேகம் உண்டு.

டாக்டர் ஒரு தந்திரம் செய்திருந்தார். முக்கியமான நேரம் ஆபீஸ் நேரத்தில் வர வேண்டும் என்பதற்காக அலமாரிக்குள் நாளைத் திருப்பி வைத்திருந்தார். வெளியே காலை எட்டு மணி அடித்தால் உள்ளே விளக்கு அணைந்து இரவாகும். வெளியே இரவு எட்டுக்கு உள்ளே விடியும். அலமாரிக் கதவில் மூன்று மொழியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்: "உள்ளே இப்போது இரவு. திறக்க வேண்டாம்."

அந்தத் தாளை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு எங்கள் படுக்கையறை ஞாபகம் வந்தது.

நான் இரவு ஷிப்ட் முடித்து வந்தால், காலை எட்டரைக்கு என் மனைவி எனக்கு ஓர் இரவு தயார் செய்து வைத்திருப்பாள். ஜன்னல் கண்ணாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டி, அதற்கு மேல் போர்வையைத் தொங்கவிட்டிருப்பாள். நான் தூங்கும் நாட்களில் குக்கர் கிடையாது, விசில் என்னை எழுப்பிவிடுமாம். பருப்பைச் சட்டியில் போட்டு ஒரு மணி நேரம் வேகவைப்பாள். மீன்காரன் ஹாரன் அடித்தால் வாசலுக்கு ஓடிப்போய் விரலை உதட்டில் வைப்பாள். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும், எங்கள் வீட்டில் எந்தெந்த நாள் பகல், எந்தெந்த நாள் இரவு என்று. இருபத்திரண்டு வருடம். அந்தக் கதவை அவள் ஒரு தடவைகூட இடையில் திறந்ததில்லை.

தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் அவள் இறந்துபோனாள். சிறுநீரகம். பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். நான் கீழே, பையில் ஊற்றித் தரும் தே தாரே டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். கையில் தே தாரே பையோடு நின்றேன். ஆறிப்போவதற்குள் குடித்துவிடலாமா என்றுதான் யோசனை ஓடியது. குடித்தேன்.

அழுகை வரவில்லை. வரும் என்று இருந்தேன். பந்தல் போட வந்தவர்களிடம், "நல்லா இறுக்கிக் கட்டுங்க தம்பி, அவ வேல சுத்தமா இல்லன்னா எழுந்து வந்துருவா" என்றேன். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். ஜோகூரில் இருந்து வந்த மகள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வேலை இடத்தில் மூன்று நாள் லீவு எடுத்தேன். பாரத்தில் "சொந்த வேலை" என்று எழுதினேன். டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திரும்பி வந்து குடுவை கழுவினேன், எண்ணினேன், ஜோக் அடித்தேன். "ஆன்ட்டி நல்லா இருக்காங்களா?" என்று எப்போதாவது கேட்பார். "அவளுக்கென்ன, ராணி மாதிரி" என்பேன். வாய் தானாகச் சொல்லும். வீட்டில் சாப்பிட்டேன், டிவி பார்த்தேன், படுத்தேன். தூக்கம் மட்டும் வரவில்லை. படுக்கையறை ஜன்னலில் கறுப்புப் பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருந்தது.

அப்படியே எட்டு மாதம் ஓடி, ஆயுத பூஜை வந்தது.

தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் நான்தான் பூசாரி. மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு பொட்டு, டிராலிக்கு ஒரு பொட்டு, ஒத்துக்கொண்டால் சூப்பர்வைசருக்கும் ஒரு பொட்டு. என் மனைவி கொண்டைக்கடலைச் சுண்டலைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, பகல் ஷிப்டுக்குத் தனி, இரவு ஷிப்டுக்குத் தனி என்று பேனாவால் எழுதி அனுப்புவாள். இந்த வருடம் எங்கள் வீட்டில் எதுவும் கூடாது. வருடம் திரும்பும்வரை தீட்டு. விளக்குப் பூஜை இல்லை, தீபாவளி இல்லை, ஒன்றும் இல்லை.

எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. தீட்டு வீட்டுக்குத்தானே? ஆபீசுக்கு இல்லையே?

தாமான் முனையில் கடை வைத்திருக்கும் பாயிடம் கற்பூரம் கேட்டேன். பாய்க்கு எங்கள் சடங்கெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். தெருவுக்கே பூஜைச் சாமான் விற்கிறவர்.

"உங்களுக்கு எதுக்கு கற்பூரம்? வருசம் திரும்பலையே?"

"வீட்டுக்கு இல்ல பாய். ஆபீசுக்கு லா."

"ஆபீசுக்கு லீவு உண்டு, தீட்டுக்கும் உண்டா?" என்று முணுமுணுத்துக்கொண்டே பொட்டலத்தைக் கொடுத்தார்.

அன்று டாக்டர் புலாவ் செபாங் போயிருந்தார். அப்பாவின் லாரிக்குப் பூஜை. மூன்றாவது சோதனை நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டும் ஒரே மாதிரி வந்திருந்தன. மூன்றாவதும் ஒத்துப்போனால்தான் அறிக்கை அனுப்ப முடியும். அறிக்கை போனால்தான் அவருக்கு இன்னொரு வருட வேலை. "இது சொதப்பிச்சுன்னா, எங்கப்பா லாரிக்கு நான்தான் கிளீனர்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று பழக்குவதில் கடைசி நாள். இரவு எட்டுக்கு விளக்கு எரிந்தால் அதற்குப் பிறகு அணையாது. மறுநாள் காலையில் எண்ணத் தொடங்க வேண்டும்.

"இடது பக்க அலமாரிய மட்டும் தொடாதீங்க அங்கிள்."

"அது தூங்கட்டும்மா. நான் எழுப்ப மாட்டேன்" என்றேன். இதையும் நானேதான் சொன்னேன்.

பதினொரு மணிக்கு மைக்ரோஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தேன். குளிர்பெட்டிக்கு வைத்தேன். இடது அலமாரிக்கு வெளியில் வைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். "திறக்க வேண்டாம்" என்ற தாளின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கற்பூரத்தை ஏற்றிச் சுற்றப்போகும்போதுதான் கை நின்றது. கோயிலில் தீபாராதனை என்றால் திரையை விலக்குவார்கள். மூடிய திரைக்கு யார் ஆரத்தி காட்டுகிறார்கள்? உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராதே?

திறந்தேன்.

ஆறு குடுவைகளும் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தன. சுற்றினேன். புகை அலமாரிக்குள் போய்விட்டது. அது போகட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்து, அறையில் எல்லா விளக்கையும் போட்டு, காற்றாடியையும் போட்டு, ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தேன். குடுவைகளை ஆட்டும் மோட்டார் சத்தம், எங்கள் பழைய லைன் சத்தம் மாதிரியே இருந்தது. பிஸ்கட் வாசனை வந்தது. தலையைச் சுவரில் சாய்த்தது ஞாபகம் இருக்கிறது.

பக்கத்துக் கிடங்கில் மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோதுதான் விழித்தேன். ஒரு மணி. எட்டு மாதத்தில் நான் தூங்கிய முதல் நல்ல தூக்கம், ராத்திரியில் இருந்த ஆறு குடுவைகளுக்கு முன்னால், எல்லா விளக்கும் எரிய.

கதவை மூடினேன். சாம்பலைத் துடைத்தேன். இரண்டு மணி நேரம்தானே, அதற்கெல்லாம் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழே போய் நாசி லெமாக் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை டாக்டர் வந்ததும் தாளில் இருந்த பொட்டைப் பார்த்தார். "அய், பூஜை போட்டீங்களா? தேங்க்ஸ் அங்கிள்" என்றார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. நான் மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இருநூறு செல்களைப் பார்த்து, அதில் எத்தனை நடுவில் இறுகியிருக்கின்றன என்று எண்ணுவதுதான் என் வேலை. முதல் இரண்டு சோதனையிலும் காலை பத்து மணிக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தன. கேட் மூடிய நேரம். இந்தத் தடவை பத்து மணிக்குப் பதினேழு. ஒவ்வொன்றும் இடுப்பில் கயிறு கட்டியது மாதிரி நன்றாக இறுகி நின்றது. மறுபடி எண்ணினேன். பதினெட்டு. மத்தியானத்துக்கு மேல்தான் குறைந்தது. கேட் மூடத்தான் மூடியது. ஆனால் ஜாகா தாமதமாக வந்து மூடியிருந்தான்.

"அதுங்களும் ஓவர்டைம் பார்க்குது போல" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. என்னை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்து எண்ணினார்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பயந்தால் உடம்புக்குள் ஏதாவது ஓடும். எனக்குள் ஒன்றும் ஓடவில்லை. தெரிந்தது, அவ்வளவுதான். கையில் தே தாரேயோடு திரைக்கு முன்னால் நின்ற மாதிரி நின்றேன்.

அன்று முழுக்க அவர் தன்னிடமே தப்பைத் தேடினார். டைமரைப் பிரித்துப் பார்த்தார். சூடு சரியாக இருக்கிறதா என்று மூன்று வெப்பமானி வைத்தார். இரண்டாம் நாள், கிருமிகள் வளர அவர் கலக்கிய நீரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அடுக்கில் இருந்த பாட்டில் அத்தனையையும் கொட்டச் சொன்னார். நல்ல நீர். நானே கொண்டுபோய்க் கொட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானம் தரையில் உட்கார்ந்து, பழைய நோட்டுகளை விரித்து வைத்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"முதல் ரெண்டும் சும்மா அதிர்ஷ்டத்துல வந்திருக்கு அங்கிள். என் ஐடியாவே தப்பு. மூணு மணிக்கு புரபஸருக்கு போன் பண்ணி, விட்டுடறேன்னு சொல்லப்போறேன்."

மணி இரண்டு நாற்பது.

"தப்பு உங்க மேல இல்லம்மா" என்றேன். "நான் அலமாரிய திறந்தேன்."

"எப்போ?"

"பூஜை அன்னைக்கு. ஆரத்தி காட்ட."

அவர் என் முகத்தையே பார்த்தார். ஜோக் என்று நினைத்துவிட்டார் போல. அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். தூங்கிட்டேன்."

"லைட்டு?"

"எல்லா லைட்டும்."

அவர் எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார். "கடைசி ராத்திரி நடுவுல ரெண்டு மணி நேரம் வெளிச்சம். அப்ப அதோட கடிகாரம் தள்ளித்தான் போகும். தள்ளித்தானே போயிருக்கு! அப்ப என் ஐடியா தப்பில்ல!" என்று கத்தினார். கோபமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கும். பிறகு குரல் இறங்கியது. "வீட்ல பண்ணாம எதுக்கு அங்கிள் இங்க வந்து பண்ணீங்க?"

"வீட்ல தீட்டும்மா."

"யாருக்கு?"

"சம்சாரம் தவறிட்டாங்க. தைப்பூசத்துக்கு அப்புறம்."

அவர் விரல் விட்டு மாதத்தை எண்ணுவதைப் பார்த்தேன். தை, மாசி, பங்குனி. எண்ணி முடித்தார். பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். நான் சாப்பிட்டேன். பசித்தது.

மூன்று மணிக்கு புரபஸருக்கு போன் செய்து, அலமாரி திறந்துவிட்டது, மறுபடி செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார். யார் திறந்தது என்று சொல்லவில்லை. அங்கிருந்து வந்த கத்தல் எனக்கே கேட்டது. கடைசியில் பத்து நாள் தவணை கிடைத்தது.

புதிதாக நீர் கலக்கி, புதிதாகக் கிருமி வளர்த்து, நான்கு நாள் பழக்கினோம். இந்தத் தடவை அலமாரிக்குப் பூட்டு. சாவி டாக்டரின் கழுத்தில். பொட்டு வைத்த தாளை மட்டும் அவர் கிழிக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு நான் எண்ணினேன். இருநூறு செல். விளக்கு எரிகிறது, சாப்பாடு இருக்கிறது, எல்லாம் கொழுகொழுவென்று நீண்டு கிடக்கின்றன. இறுகியது ஒன்று. ஒன்றே ஒன்று. கண்ணை எடுக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் வெளிச்சம் அடித்தாலும் அதுகளுக்கு இன்னும் ராத்திரி.

"எத்தனை அங்கிள்?"

"ஒண்ணு."

அவர் பின்னால் நாற்காலியில் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது.

அறிக்கை போனது. இன்னொரு வருடம் வேலை என்று கடிதமும் வந்தது. கடிதம் வந்த அன்று டாக்டர் பக்கத்துக் கிடங்கில் ஒரு டின் பிஸ்கட் வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். சூழ்நிலைக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அடுத்த ஆயுத பூஜைக்கு வருசம் திரும்பிடும் டாக்டரம்மா. சுண்டலோட வரேன், அதுங்களுக்கும் ரெண்டு கடலை போடலாம்" என்றேன்.

அவர் டின் மூடியைத் திறந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"ஜோக் அடிக்க மட்டும் வாய் வருது உங்களுக்கு. சொல்ல வேண்டியத ஒண்ணு மூணு நாள் கழிச்சு சொல்றீங்க, ஒண்ணு எட்டு மாசம் கழிச்சு சொல்றீங்க."